வெள்ளையம்மா பூ

“அந்தப் பூவ இங்கிட்டுக் கொண்டா” என்றார் என் மாமியார்.

கொண்டுபோனேன். மண்சட்டித் தண்ணீரில் வேரோடு மிதந்துகொண்டிருந்த செடி அது. நடுவில் ஒரே ஒரு கதிர். அதில் ஏழெட்டு ஊதாப்பூ. ஒவ்வொரு பூவிலும் மேல் இதழில் மட்டும், மயில்தோகையில் இருப்பதுபோல ஒரு மஞ்சள் கண்.

முளைவீட்டு வாசலில் முப்பது நாற்பது பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு நின்றிருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் ஈர எருவின் வாடையும் கலந்து வந்தன. எல்லோரும் என் சட்டியைத்தான் பார்த்தார்கள். அந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு மூன்று வருடமாகியிருந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை.

மாமியார் செடியைத் தூக்கினார். வேரிலிருந்து தண்ணீர் என் புதுச்சேலையில் சொட்டியது. என் முளைப்பாரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டடி தள்ளிப் போய், வெள்ளையம்மாவின் பாரியில், நட்ட நடுவில், செடியை ஊன்றினார்.

“முன்னால போற பாரிக்குத்தானத்தா சோடன வேணும்” என்றார்.

பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். போடாமல் இருக்க முடியுமா?

ஒரு வாசகிக்குப் பதில்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையம்மா என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. மேலூருக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், அவள் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. என் அடுப்பில் என்ன கொதித்தாலும் என் கணவரின் மூக்கு அவள் அடுப்புப் பக்கம்தான் போகும்.

அவள் வைக்கும் அயிரைமீன் குழம்பைப் பற்றி இரண்டு வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘அம்மா, எழுபது வயதிலும் ஓரகத்தி மேல் இவ்வளவு பொறாமையா?’

ஆமாம் தாயே. கண் மங்கிவிட்டது, காது பாதிதான் கேட்கிறது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இது ஒன்றுதான் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கிறது.

தோட்டக்காரன் மகள்

என் அய்யா தோட்டக்காரர். வைகைக்கு வடகரையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை. நாங்கள் ஆரப்பாளையத்தில் குடியிருந்தோம். மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஆற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில் மணலில் குறுக்கே நடந்து போவேன், உள்ளங்கால் பொரிந்துவிடும்.

பங்களா முகப்பில் ஒரு கல்தொட்டி. அதில் துரைசாணி ஆசையாக வளர்த்த செடிதான் இது. கல்கத்தாவிலிருந்து வந்ததோ, கப்பலில் வந்ததோ, எனக்குத் தெரியாது. அய்யா அதைச் சீமைத்தாமரை என்பார். இலைக்காம்பு நடுவில் சின்ன வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். அதைப் பிய்த்து அமுக்கினால் பட்டென்று வெடிக்கும். அய்யா சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் பத்துப் பதினைந்தை வெடித்துவிடுவேன்.

வாரத்தில் ஒருநாள் அய்யா தொட்டியிலிருந்து பாதிச் செடியை அள்ளுவார். பங்களாவுக்குப் பின்னால் குழி வெட்டி, அதில் போட்டு, மண்ணை மூடி, மேலே ஏறி மிதிப்பார். அடுத்த வாரம் தொட்டி மறுபடி நிறைந்திருக்கும். மறுபடி அள்ளுவார், மறுபடி புதைப்பார்.

ஏன் என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. இந்தக் கதையில் என் முதல் தப்பு அதுதான்.

வழுக்கை விழுந்த பாரி

முளைப்பாரி எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. புரட்டாசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி முளைவீட்டுக்குப் போகும். கண்மாய்க் கரம்பை மண்ணும் ஆட்டு எருவும் போட்டு, நவதானியம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, சுற்றி வந்து கும்மி கொட்டுவோம். கடைசி நாள் வெளியே எடுக்கும்போது யார் பயிர் எப்படி நிற்கிறது என்று ஊரே பார்க்கும். பயிர் நன்றாக வந்தால் அந்தப் பெண் நல்லவள், அந்த வீட்டில் பிள்ளைகுட்டி பெருகும். வராவிட்டால் யாரும் வாயால் எதுவும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

வெள்ளையம்மாவின் பாரி முழம் உயரத்துக்கு, நெருக்கமாக, வெட்டிவைத்த மாதிரி நிற்கும். அவளுக்கு மூன்று பிள்ளைகள். என் பாரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோகை பிடித்த முளைகள். நடுவில் வழுக்கை. எனக்குப் பிள்ளை இல்லை. தோட்டக்காரன் மகள் கையில் பயிர் வரவில்லை என்பதை ஊர் எவ்வளவு ரசித்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அவள் என்னைக் கேலி செய்திருந்தால் தேவலை. “ஏந் தங்கச்சி, தண்ணி கூடிப்போச்சு போல. அடுத்த வருசம் நான் தெளிச்சு விடுறேன்” என்பாள். அந்தக் கனிவுதான் எனக்கு ஆகாது. வயிறு எரியும்.

அந்த வருடம் திருவிழாவுக்கு முன் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். பழையபடி அய்யாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் தொட்டியிலிருந்து பூத்த செடி ஒன்றை எடுத்துத் தூக்குச்சட்டியில் போட்டு மூடினேன். கேட்டால் கொடுக்க மாட்டார் என்று மட்டும் தெரியும். பூவை மட்டும் கிள்ளினால் சீக்கிரம் துவண்டுவிடும், தோட்டக்காரன் மகளுக்கு அது தெரியாதா? அதனால் வேரோடு எடுத்தேன். என் கெட்டிக்காரத்தனம் அந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

மேலூர் பஸ்ஸில் தூக்குச்சட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் தளும்பி மடி நனைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “என்ன கொழம்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாரியின் வழுக்கையை அந்தப் பூ மறைக்கும், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வாயைப் பிளந்தார்கள். ஆனால் பூ யார் பாரிக்குப் போனது என்பதைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

சாமிப் பூ

ஊர்வலம் கண்மாய்க்குப் போனது. வெள்ளையம்மா முன்னால். அவள் தலையில் என் பூ. நான் பதினோராவதாகவோ பன்னிரண்டாவதாகவோ போனேன். அவள் நடக்கும்போது பூ ஆடியது எனக்கு இன்றும் தெரிகிறது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவள் பாரியைக் கரைத்தாள். சட்டி முழுகியது. முளைகள் பிரிந்து மிதந்தன. செடி ஒரு தரம் அமிழ்ந்தது, பிறகு தானாக நிமிர்ந்து பூவோடு தண்ணீர் மேல் நின்றது.

“ஆத்தா ஏத்துக்கிட்டா!” என்று ஒருத்தி கூவினாள். கரையெல்லாம் குலவை.

அம்மனுக்கென்று கரைத்ததை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது. அதுதான் அந்த ஊர் வழக்கம். தண்ணீரில் விட்டது தண்ணீருக்கு.

தை பிறக்கும்போது ஏழு கொத்து ஆகியிருந்தது. தாய்ச்செடி பக்கவாட்டில் ஒரு கொடியை நீட்டும், நுனியில் குட்டி. குட்டி வளர்ந்து அதுவும் ஒரு கொடியை நீட்டும். அல்லியும் கொட்டியும் சேற்றில் கால் ஊன்றி, தண்ணீர் ஏற ஏறத் தாமும் நீண்டு, ஒரு ஒழுங்கோடு வளர்வதைப் பார்த்த கண்களுக்கு இது அதிசயமாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் போய்க் குடியேறியது. அடுத்த புரட்டாசியில் கிழக்குக் கரை நெடுக ஊதாக் கரை போட்ட சேலை விரித்த மாதிரி இருந்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். அம்மனுக்கு அந்தப் பூவில் சரம் கட்டினார்கள். “வெள்ளையம்மா பாரி வேர் புடிச்சு ஆத்தா பூத்திருக்கா” என்று பேச்சு. பூவுக்கே வெள்ளையம்மா பூ என்று பெயர் வந்துவிட்டது.

என் கணவர்கூட ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “எங்க மதினி கை ராசியப் பாத்தியா?” என்றார். அன்று ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சோலை கேட்ட கேள்வி

எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி சோலை. மடை திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் வேலை. காலனியில் குடியிருந்தார். வயதில் என் அய்யாவுக்கு மூத்தவர். அன்று அவரை நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். இன்று எழுதும்போதுதான் ‘அவர்’ என்று வருகிறது.

செடி ஏழு கொத்தாக இருந்த தை மாதம் அது. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சோலை கரையில் தள்ளி நின்று கேட்டார்.

“தாயி, உங்க அய்யா பட்டணத்துல தோட்ட வேல பாக்குறாருல்ல. இது என்ன செடின்னு கேட்டுச் சொல்றீகளா?”

“எதுக்கு?”

“போன வாரம் மூணு கொத்தத் தள்ளி விட்டேன். இன்னைக்கு அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு கூடி நிக்கிது. மண்ணப் புடிச்ச செடின்னா புடுங்கிப்புடலாம். இது தண்ணியவே புடிச்சிருக்கு. எனக்கு நல்லதாத் தெரியல. இப்பன்னா ஒரு கூடையில அள்ளிப்புடுவேன். சாமிப் பூவுன்னு தொடவிட மாட்டேங்குறாக. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாக.”

கையில் துணியோடு நின்றேன். அய்யா குழி வெட்டியதும், மண்ணை மூடி மிதித்ததும் அந்த நிமிஷம் கண் முன்னால் வந்தது. ஏன் புதைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாய் திறந்தால் ஊர் என்ன சொல்லும்? பிள்ளை பெறாதவள், பாரி முளைக்காதவள், ஓரகத்தி பேர் எடுத்ததும் பூவைப் பிடுங்கச் சொல்கிறாள் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. அந்தப் பூவைப் பிடுங்க என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் அந்த ஊரில் இல்லை. உண்மையைச் சொல்வதற்கும் என் பொறாமைதான் குறுக்கே நின்றது.

“எனக்கு என்ன தெரியும்? வெள்ளையம்மா அக்காகிட்டக் கேளு. அவுக பூவுதான்” என்றேன்.

“சரி தாயி” என்று போய்விட்டார். ஒரு கூடையில் அடங்கியிருக்க வேண்டியது.

கோடையும் மழையும்

இரண்டாம் கோடையில் கண்மாய் வற்றியது. செடியெல்லாம் கருகி, சேற்றோடு ஒட்டி, எருவரட்டி மாதிரி காய்ந்துபோனது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று வீட்டில் பணியாரம் சுட்டேன். வெள்ளையம்மாவுக்கும் கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீர் ஏறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், சேற்றிலிருந்து பச்சைப் பச்சையாகக் குருத்துகள் எழுந்தன. முன்பு இருந்த இடம், இல்லாத இடம் எல்லாம். பூ உதிர்ந்த இடங்களில் விதை கிடந்திருக்கிறது. யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு நிற்கவில்லை. நடுக்கண்மாய் மூடியது. அல்லி போனது. அப்புறம் கொட்டிக்கிழங்கு போனது. முக்குளிப்பான் பறவைகள் முங்குவதற்குத் திறந்த தண்ணீர் தேடி எங்கேயோ போயின. மாடுகள் செடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. குளித்து எழுந்தால் உடம்பெல்லாம் அழுகல் வாடை, அரிப்பு.

எங்கள் ஊரில் பங்குனியில் மீன்பிடி. ஊர்த் தலைவர் அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாக்கூடையோடு தண்ணீரில் பாயும். அந்த வருடமும் துண்டை வீசினார். பாய்ந்தவர்கள் செடிக்குள் சிக்கிக்கொண்டு நின்றார்கள். ஊத்தாவைக் கவிழ்த்தால் வேர்தான் வந்தது. விராலும் கெண்டையும் முன்பே செத்து அடியில் அழுகியிருக்க வேண்டும். அன்று எந்த வீட்டிலும் மீன்குழம்பு இல்லை. வெள்ளையம்மா அடுப்பில்கூட.

கடைசியாக மடை அடைத்தது. சோலையும் அவர் ஆட்களும் நாள் முழுக்க இழுத்துப் போட்டாலும் மறுநாள் காற்று கொண்டுவந்து மறுபடி அடைத்தது. கடைமடை வயல்களில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் போகவில்லை. மிச்சத் தண்ணீர் போகும் மறுகால் வழியாகச் செடி கீழ்க்கண்மாய்க்கும் இறங்கி, அந்த ஊர்க்காரர்கள் கம்போடு வந்து நின்றார்கள்.

வெள்ளையம்மா பூ என்ற பெயர் அப்போதும் மாறவில்லை. சொல்லும் குரல்தான் மாறியது.

கூட்டம்

கோயில் முன்னால் ஊர்க் கூட்டம். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். என் மாமியார் முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார். எனக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து வந்த பிள்ளை.

அம்பலக்காரர் வெள்ளையம்மாவை முன்னால் கூப்பிட்டார்.

“அந்தப் பூவு உனக்கு எப்படித்தா வந்துச்சு? யாரு குடுத்தது?”

பூ யாருடையது என்று அன்று பார்த்த பெண்கள் முப்பது பேராவது இருப்பார்கள். ஆனால் ஏழு வருடமாக ‘வெள்ளையம்மா பூ, வெள்ளையம்மா பூ’ என்று சொல்லிச் சொல்லி அவர்களே மறந்துவிட்டார்கள். நிச்சயமாக ஞாபகம் இருந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி பதில் சொல்லியாக வேண்டும். இன்னொருத்தி பேசாமல் இருந்தால் போதும்.

வெள்ளையம்மா திரும்பி மரத்தடியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

“என் தலையிலருந்துதான்ணே எறங்குச்சு” என்றாள். “வேற யாரக் கேக்குறீக?”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

நான் முன்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயம் பாதி. மீதிப் பாதியை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, இந்த வாரம் சொல்கிறேன். கூட்டத்தின் நடுவில் அவள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

தீர்ப்பு சொன்னார்கள். இனி முதல் பாரி வெள்ளையம்மா தலையில் ஏறக் கூடாது. வாரம் ஒரு நாள் அவள் வீட்டு ஆள் மடைவாயில் செடி அள்ள வேண்டும். முதல் பாரி அந்த வீட்டுக்கே உரிய மரியாதை, அதனால் அடுத்த மருமகளுக்குப் போகட்டும் என்றார்கள்.

அடுத்த மருமகள் நான்தான்.

முதல் பாரி

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படிக்குப் போனேன். “ஏங்க்கா சொல்லல?” என்று கேட்டேன்.

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “வயித்துல புள்ளைய வச்சிருக்க. ஊரு வாயி அதுமேல விழுகணுமா?” என்றாள். அடுத்த காயை எடுத்துக்கொண்டு, நிமிராமலே, “அன்னைக்கு அயித்த உன் பூவ எடுத்து என் பாரியில வச்சாகள்ல. வேணாம், அவளுதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்கு ஆசயா இருந்துச்சுடி. சொல்லல” என்றாள்.

அவளுக்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று ஒரு நாள் அவளைப் பிடித்திருந்தது.

எனக்குப் பெண் பிறந்தது. வெள்ளையம்மா என்று பெயர் வைக்கலாமா என்று என் கணவர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் முதல் பாரி என் தலையில்தான் போனது. பயிர் அப்போதும் சுமார்தான். கண்மாய்க்குப் போனால் பாரி கரைக்கத் தண்ணீரே தெரியாது, கரையிலிருந்து கரை வரை செடி. யாராவது முன்னால் இறங்கி விலக்கிக் கொடுக்க வேண்டும். யாரும் சொல்லாமலே வெள்ளையம்மா இறங்குவாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் செடியை அணைத்து ஒதுக்கி, எனக்கு ஒரு பாய் அகலத்துக்கு இடம் செய்வாள். “வா தங்கச்சி” என்பாள். ஊர் முழுக்க அவளைத்தான் பார்க்கும். முதல் பாரியைச் சுமந்து நிற்கும் என்னை யாரும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

போன மாசியில் வெள்ளையம்மா போய்விட்டாள். அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போன பிறகு, குளிப்பதற்குக் கண்மாய்க்குப் போனோம். செடி அப்படியே இருந்தது. பூத்திருந்தது. பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் அழகாக இருக்கிறதே, என்ன பூ என்று கேட்டாள். வெள்ளையம்மாவின் பேத்திதான் பதில் சொன்னாள்.

“வெள்ளையம்மா பூவு.”

அது தன் அப்பத்தாவின் பெயர் என்ற நினைப்பே அவள் குரலில் இல்லை. செடிக்கு அதுதான் பெயர், அவ்வளவுதான்.

தூக்குச்சட்டியில் போட்டு, மடியில் வைத்து, மேலூர் வரை சேலை நனைய அதைக் கொண்டுவந்தவள் நான். கெட்ட பேராகவே இருக்கட்டும், அது என் பேர். அதையும் அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.